எழுபத்தெட்டுப் புள்ளி

ஞானேந்திரனுடைய அழைப்பு வந்தபோது செபமாலை மாஸ்டர் காலுறைகளுக்குச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தார். மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஏழு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. ஆறு சோடியை அடுக்கி, நடுவில் அட்டை வளையத்தை மாட்டி, பெட்டிக்குள் போட வேண்டும். வேலை நேரத்தில் கைத்தொலைபேசி பாவிக்கக் கூடாது என்று சுவரில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தத் தளத்தில் நின்றவர்களில் பதினான்கு பேர் தமிழர். ஒட்டியவனுக்கு அந்த நாலாவது மொழி ஞாபகம் வரவில்லை என்பதை மாஸ்டர் முதல் நாளே கவனித்துவிட்டார். அதனாலேயே அந்தக் கட்டளை தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு நியாயமும் வைத்திருந்தார். கழிவறைப் பக்கம் போய்த் தொலைபேசியைக் காதில் வைத்தார்.

"மாஸ்டர், என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன், என்ன நடந்தது?"

"ரிசல்ட் ஒட்டியிருக்கு. ஸ்பானிஷில ஒரு பெடியன் தொண்ணூற்றாறு. அரபில ஒரு பிள்ளை தொண்ணூற்றிநாலு. எங்கட பிள்ளையளில ஆகக் கூட எழுபத்தெட்டு. என்ர டினோஜனுக்கு அம்பத்திரண்டு. ரண்டு வருசமா நாயாப் பேயா அலைஞ்சு கடிதம் எழுதினது இதுக்கோ?"

"எழுபத்தெட்டு கூடின புள்ளிதானே தம்பி."

ஞானேந்திரன், "மாஸ்டர், நீங்கள் இன்னும் மன்னாரிலதான் இருக்கிறியள்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

ஞானேந்திரன் தமிழ்ப் பெற்றோர் சங்கத்தின் தலைவர். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. கார்ட்டியர்வில்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வருடக் கடைசியில் மொழிப் பரிசு ஒன்று கொடுப்பார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் தவிர்ந்த மொழியில் ஆகக் கூடிய புள்ளி எடுத்த பிள்ளைக்கு உரியது அது. பெயர்தான் அப்படி. ஸ்பானியம் மட்டும்தான் கணக்கில் வந்தது, ஏனென்றால் பள்ளியின் பாடத்திட்டத்தில் அது மட்டும்தான் இருந்தது. அதே கட்டடத்தில் சனிக்கிழமைகளில் தமிழும் அரபும் படித்த பிள்ளைகள், மற்றவர்கள் நித்திரை கொள்ளும் நேரத்தில் எழும்பி வந்து படித்ததெல்லாம் பொழுதுபோக்குக் கணக்கில் போய்விட்டது. இது அநியாயம் என்று சங்கம் கடிதம் எழுதியது. ஆங்கிலக் கடிதங்களை எழுதியவர் செபமாலை மாஸ்டர், கையெழுத்து ஞானேந்திரனுடையது. ஒன்பதாவது கடிதத்துக்குப் பள்ளி இறங்கி வந்தது. இந்த வருடம் ஒரு வெள்ளோட்டம், தமிழ், அரபுத் தாள்களைப் படிப்பிக்கிற ஆசிரியர் திருத்தக் கூடாது, வெளியாள் ஒருவர் திருத்த வேண்டும், அவர் யார் என்று பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ தெரியக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். வெளியாள் யார் என்பது சங்கத்தில் ஞானேந்திரனுக்கு மட்டும் தெரியும். மன்னாரில் முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்து, அரசாங்கச் சோதனைத்தாள்களும் திருத்திய ஒரே ஆள் மொன்றியலில் காலுறை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வேறு யாரைப் பிடிப்பது?

மாஸ்டருக்கு அந்தப் பதினொரு விடைத்தாள்களும் கையில் கிடைத்த நாள் ஒரு கொண்டாட்டம் மாதிரி இருந்தது. சிவப்புப் பேனா வாங்கினார். சமையலறை மேசையைத் துடைத்து, மேலே பழைய விரிப்பொன்றைப் போட்டார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவரிடம் யாரும் எதையும் தீர்மானிக்கச் சொன்னதில்லை. காலுறையின் நிறத்தைக்கூட இயந்திரம்தான் தீர்மானிக்கிறது. இரண்டு கிழமை, வேலை முடிந்து வந்து, சோறு வைக்காமல் பாணைக் கடித்துக்கொண்டு திருத்தினார். கட்டுரையின் தலைப்பு 'நான் செய்த ஓர் உதவி'. பதினொரு பேரில் எட்டுப் பேர் கண் தெரியாத முதியவர் ஒருவரைக் கையைப் பிடித்துத் தெருவைக் கடத்தியிருந்தார்கள். மொன்றியலில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் கண் தெரியாத முதியவர்கள் தெரு கடக்கக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் போலும் என்று மாஸ்டர் தனியே இருந்து சிரித்தார். சிரித்த சத்தம் வீட்டுக்குள் கேட்டு, அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஏழாம் இலக்கம் அப்படி எழுதவில்லை. தாயோடு மருத்துவரிடம் மொழிபெயர்க்கப் போன கதையை அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. ஆணோ பெண்ணோ தெரியாது, இலக்கம் மட்டும்தான். தாய் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர். மருத்துவர் பிரெஞ்சில், இந்த வேலையை விடாவிட்டால் இரண்டு வருடத்தில் நடக்கவே கஷ்டப்படுவீர்கள் என்கிறார். பிள்ளை தாயிடம், 'பின்னேரங்களில் கால்களை உயர்த்தி வைத்திருக்கட்டாம்' என்று சொல்கிறது. 'வேலையை விட்டால் நாங்கள் என்ன செய்வது என்று அம்மா என்னிடம்தான் கேட்பார். எனக்கும் தெரியாது. அதனால் டொக்டர் சொன்னதில் பாதியை நான் வைத்துக்கொண்டேன். நான் செய்த உதவி இதுதான். இது உதவியா என்று எனக்குத் தெரியவில்லை.' மாஸ்டர் பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, மொத்தமாக எழுபத்தெட்டுப் போட்டார்.

எழுபத்தெட்டு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஊரில் அவர் கையால் எழுபதைத் தாண்டியவர்களை எண்ண ஒரு கை போதும். எழுபத்தொன்பதாம் ஆண்டு ஒரு பெடியனுக்கு எழுபத்தாறு போட்டபோது, அதிபர் ஆளனுப்பி அந்த விடைத்தாளை எடுப்பித்துப் பார்த்தார், ஒரு கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அதே பேச்சு. அதைவிட இரண்டு கூட. முகம் தெரியாத ஒரு பிள்ளைக்குத் தன்னிடம் இருந்த ஆகப் பெரியதை அள்ளிக் கொடுத்துவிட்ட நிறைவோடு மாஸ்டர் அன்று படுத்தார்.

ஞானேந்திரன் அழைத்ததற்கு மறுநாள் வேலை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். உப அதிபர் மடாம் பூஷார் ஐம்பது வயதுப் பெண். நல்ல மாதிரியானவர். அவருக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை, மாஸ்டருக்கும் இல்லை. அதனால் இரண்டு பேரும் மெதுவாக, ஒருவரையொருவர் வருத்தாமல் கதைத்தார்கள். மேசையில் ஒன்பது கடிதங்கள் இருந்தன. அறுபதுக்குக் குறைவாக எடுத்த பிள்ளைகளுக்கு மேலதிக உதவி தேவையா என்று கேட்டு வீட்டுக்குப் போகிற கடிதங்கள். பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு.

"இந்தப் பிள்ளைகள் மற்றப் பாடங்களில் கெட்டிக்காரர்கள்" என்றார் மடாம். "தமிழில் மட்டும் ஏன் இவ்வளவு பலவீனம் என்று குழுவில் கேட்கிறார்கள். தரம் இப்படி இருந்தால் அடுத்த வருடமும் தமிழைச் சேர்க்க வேண்டுமா என்றும் ஒருவர் கேட்டார்."

"அவர்கள் பலவீனம் இல்லை. எங்கள் முறையில் ஐம்பது நல்ல புள்ளி. எழுபத்தெட்டு மிக மிக உயர்ந்த புள்ளி."

"அப்படியானால் நூறு யாருக்கு?"

"ஒருவருக்கும் இல்லை."

மடாம் பூஷார் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். "ஒருவருக்கும் இல்லையென்றால் அதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

முப்பத்தொரு வருடத்தில் எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கதிரையில் ஏற்றி நிறுத்தியிருப்பார்.

மடாம் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். புள்ளிகளை மாற்றலாம், வெள்ளிக்கிழமை நாலு மணி வரை நேரம் இருக்கிறது. காரணம் மூன்றில் ஒன்றுக்குப் புள்ளடி போட வேண்டும்: கூட்டல் பிழை, திருத்தாமல் விடுபட்ட விடை, வேறு. 'வேறு' என்றால் என்ன வேறு என்று விளக்கி எழுத வேண்டும், அது குழுவுக்குப் போகும். குழு செப்டெம்பரில்தான் கூடும். பரிசளிப்பு அடுத்த வியாழக்கிழமை. மடாம் இதையெல்லாம் ஒரு தடவை சொல்லி, முதல் பெட்டியின் மேல் விரலை வைத்து ஒரு கணம் நிறுத்தி, பிறகு எடுத்துக்கொண்டார். மாஸ்டர் விடைத்தாள்களையும் ஒரு கட்டுப் படிவத்தையும் வாங்கிப் பைக்குள் வைத்தார்.

வழி நெடுகக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அள்ளிக் கொடுக்கிறவனுடைய மொழி பெரிது, அளந்து கொடுக்கிறவனுடைய மொழி சின்னது என்றாகிவிட்டதே என்று மெட்ரோவில் இருந்து பொருமினார். தொண்ணூற்றாறு போட்ட அந்த ஸ்பானிய வாத்தியார் ஊரில் இருந்திருந்தால் பரீட்சைத் திணைக்களம் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். ஆனால் கடைசித் தரிப்பான அங்கிரினோனில் இறங்கும்போது கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஸ்பானிய வாத்தியார் தன் பிள்ளைகளுக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. தமிழ்ப் பிள்ளையின் பரிசைப் பறித்தது எந்த வெள்ளைக்காரனும் இல்லை. ஒன்பது கடிதம் எழுதித் திறப்பித்த கதவை, உள்ளே போய் நின்று பூட்டியவர் அவரேதான்.

வீட்டில் தொலைபேசியை எடுத்து டொரோண்டோவுக்கு அடித்தார். மகள் பிரியந்திக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, மூன்று மாதத்துக்கென்று போனவர் மனைவி அஞ்சலீனா. அந்தப் பிள்ளை இப்போது நடந்து, ஓடி, வாய் காட்டவும் பழகிவிட்டது. அஞ்சலீனா திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேச யாராவது வந்திருப்பார்கள். இது வெறுமனே அப்படியே போய்விட்டது.

"பிரியந்திக்கு நான் ஒருக்கா தமிழுக்கு எத்தினை போட்டனான்?" என்று கேட்டார்.

"அறுபத்தொண்டு." அஞ்சலீனா யோசிக்கவே இல்லை. "பத்தாம் வகுப்பு, ரண்டாம் தவணை. அழுதுகொண்டு வந்தவள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"அது கூடின புள்ளியெல்லோ. வகுப்பில அவள்தான் முதலாம் ஆள்."

"அதை அவளுக்குச் சொன்னனீங்களோ?"

மாஸ்டர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்க் கட்டடத்து மாடத்தில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. புள்ளியைப் பார்த்தால் தெரியாதா என்றுதான் அன்றைக்கு நினைத்தார். அஞ்சலீனாவிடம் இப்போது ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. முப்பத்தாறு வருடச் சமையலில் ஒரு நாளைக்காவது நல்லாயிருக்கு என்று சொன்னேனா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அங்கே பிள்ளை வீரிட்டு அழுதது. "பேந்து எடுக்கிறன்" என்று அஞ்சலீனா வைத்துவிட்டார். எடுக்கமாட்டார் என்று மாஸ்டருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை வேலையால் வந்து மேசையில் இருந்தார். யூன் மாதம், எட்டு மணி தாண்டியும் வெயில் போகாது. முதலில் எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது என்று கூட்டிப் போட்டுவிடலாமா என்று பார்த்தார். கை போகவில்லை. அது பிச்சை. பிறகுதான் வேறு ஒன்று தோன்றியது. இவ்வளவு காலமும் அவர் பூச்சியத்தில் தொடங்கி, பிள்ளை ஒவ்வொன்றையும் சம்பாதிக்கச் சம்பாதிக்கக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஸ்பானிய வாத்தியார் நூறில் தொடங்கியிருப்பார். முழுவதும் பிள்ளையினுடையது என்று வைத்து, பிழை கண்ட இடத்தில் மட்டும் கழித்திருப்பார். சரி, அப்படித்தான் ஒரு தடவை பார்ப்போமே என்று ஏழாம் இலக்கத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

நூறு. கடிதத்தில் திகதி போடவில்லை, ஒன்று போய்விட்டது. சுருக்கம் நாலு சொல் கூடிவிட்டது, இன்னொன்று. பழந்தமிழ்ப் பகுதியில் ஒரு சின்னக் கேள்வியை விட்டிருந்தது, அதற்கும் ஒன்று. கட்டுரைக்கு வந்தார். மூன்று தரம் வாசித்தார். கழிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. வேண்டுமென்றே தேடினார், நியாயமாகச் சொன்னால் வெறிகொண்டு தேடினார். கிடைக்கவில்லை. தொண்ணூற்றேழு. அது பிச்சையும் இல்லை, பொய்யும் இல்லை. அந்தப் புள்ளி தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்தது, அவர்தான் மறுபக்கத்திலிருந்து நடந்து வந்து எழுபத்தெட்டில் களைத்து நின்றுவிட்டார். செபமாலை மாஸ்டர் மேசையில் முழங்கையை ஊன்றி, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஏழாம் இலக்கத்துக்காக மட்டும் அழவில்லை. பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன, அறுபத்தொன்றும் வந்தது.

மற்றப் பத்துத் தாளையும் அதே மாதிரித் திருத்தினார். கண் தெரியாத முதியவர்களுக்கும் உரியது கிடைத்தது. பதினொரு படிவம் நிரப்பினார். மாற்றிய புள்ளி உண்மை, ஆனால் உண்மையான காரணத்தை எழுதினால் அது செப்டெம்பருக்குத்தான் போய்ச் சேரும். பதினொன்றிலும் 'கூட்டல் பிழை' என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டு, கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். வாழ்க்கையில் ஒரு விடைத்தாளில்கூட அவருக்குக் கூட்டல் பிழைத்ததில்லை. பிழைத்த மற்ற ஆசிரியர்களைத் திணைக்களத்தில் வைத்து அவர் பண்ணிய பகிடி கொஞ்சமில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, லியோனல்-குரூவில் மெட்ரோ மாறி, பிறகு பேருந்து பிடித்து, மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார். மடாம் பூஷார் படிவங்களை எண்ணினார்.

"பதினொன்றுமா?"

"பதினொன்றும்."

"எல்லாம் கூட்டல் பிழை?"

"வயது போய்விட்டது, மடாம்."

மடாம் ஒரு விடைத்தாளைத் திறந்தார். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, எண் தெரியும். கூட்டல் பிழை என்றால் மொத்தம் மட்டும்தான் மாறியிருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் பழைய புள்ளி வெட்டப்பட்டுப் புதியது எழுதியிருந்தது. அவர் மாஸ்டரை நிமிர்ந்து பார்க்காமல் தாளை மூடி, முத்திரையை எடுத்துப் பதினொரு தரம் குத்தினார்.

"ஒரு விதி இருக்கிறது" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. "இரண்டுக்கு மேல் கூட்டல் பிழை விட்ட பரீட்சகரை மறுபடியும் கூப்பிட முடியாது. அடுத்த வருடம் வேறு யாரையாவது பார்க்க வேண்டியிருக்கும். மன்னிக்க வேண்டும்."

"அடுத்த வருடமும் தமிழ் இருக்குமா?"

"இந்தப் புள்ளிகளோடு? இருக்கும்."

மாஸ்டர் நன்றி சொல்லிவிட்டு எழும்பினார். பேருந்துக்குக் காத்து நிற்கும்போதுதான், சிவப்புப் பேனாவை மடாமின் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

பரிசளிப்புக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. அழைக்கவும் முடியாது, அவர் யார் என்று தெரியக் கூடாதே. ஆனால் வாசலில் யாரும் மறிக்கவும் இல்லை. உயிர்த்த ஞாயிறுக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, மண்டபத்தில் கடைசிக்கு முதல் வரிசையில் போய் இருந்தார். முன்னால் ஞானேந்திரன் கோட்டுப் போட்டுக்கொண்டு மடாம் பூஷாருக்குப் பக்கத்தில் இருந்தது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். கையில் தெப்பனரில், மூலைக்கடையில், வாங்கிய பூங்கொத்து, கண்ணாடித்தாள் சுற்றியது.

"அண்ணை தமிழோ?"

"ஓம்."

"உங்கட பிள்ளையும் பரிசு எடுக்குதோ?"

"இல்லை. சும்மா பாக்க வந்தனான்."

"என்ர மகளுக்குத்தான் மொழிப் பரிசு. நிரோஜா. தொண்ணூற்றேழு." அந்த அம்மா இந்திராதேவி என்று தன் பெயரைச் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியாத சந்தோசம் அவருக்கு. "முதல்ல எழுபத்தெட்டு எண்டு போட்டவங்கள் அண்ணை. பிள்ளை மூண்டு நாள் அழுதவள். பேந்து ஞானேந்திரன் அண்ணைதான் போய்ச் சண்டை பிடிச்சுத் திருத்துவிச்சவராம். திருத்தின ஆளுக்குக் கூட்டவே தெரியாதாம். இப்பிடி ஆக்களிட்ட ஏன் குடுக்கிறாங்களோ தெரியாது."

மூன்று நாள். மாஸ்டர் வாழ்க்கையில் கொடுத்த ஆகக் கூடிய புள்ளிக்கு அந்தப் பிள்ளை மூன்று நாள் அழுதிருக்கிறது.

"வயசான ஆளாயிருக்கும்" என்றார்.

"அப்பிடியெண்டால் பேசாமல் வீட்டில இருக்க வேண்டியதுதானே."

"ஓம், அதுவும் சரிதான்." பிறகு மனம் கேட்காமல், "பிள்ளை நல்லா எழுதியிருக்கிறா போல" என்றார்.

"என்னத்தை எழுதினவளோ. எனக்குக் காட்டமாட்டாள்."

மாஸ்டர் குனிந்து அந்த அம்மாவின் கால்களைப் பார்த்தார். செருப்பு வாருக்கு மேலே வீங்கியிருந்தன. அவருக்குத் தெரிந்த ஒன்று அந்தக் கால்களுக்கு உரியவருக்குத் தெரியாது. சொல்லலாம். சொல்லவும் கூடாது. அந்தப் பாதியை அந்தப் பிள்ளை வைத்திருக்கிறது, தானும் வைத்திருக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்து நேராக இருந்தார்.

ஒலிவாங்கியில் மொழிப் பரிசு என்று அறிவித்து, பெயரை உடைத்து உடைத்து வாசித்து, பிரெஞ்சு உச்சரிப்பில் 'தமூல்' என்றார்கள். அந்தச் சொல் இந்த நகரத்தில் அவ்வளவு பெரிய சத்தத்தில் மாஸ்டருக்கு இதுவரை கேட்டதில்லை. மெலிந்த, கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை மேடையில் ஏறியது. ஏழாம் இலக்கம். இந்திராதேவி பரபரத்து எழும்பினார். "அண்ணை, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ, படம் எடுத்துக்கொண்டு வாறன்" என்று பூங்கொத்தையும் கைப்பையையும் குடையையும் மாஸ்டரின் மடியில் போட்டுவிட்டு, கதிரை முதுகுகளைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மண்டபம் கைதட்டியது. மாஸ்டரும் தட்ட வேண்டும். கையை எடுத்தால் குடை விழுகிறது, குடையைப் பிடித்தால் பை சரிகிறது. பூக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பி நின்றார். அவருக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கொத்தையும், நல்ல சட்டையையும், அவருடைய கண்ணையும் கண்டார்கள். தலை நரைத்த ஒரு கியூபெக்காரர் கதிரைக்கு மேலால் எட்டி வாழ்த்தக் கையை நீட்டினார்.

"ஃபெலிசித்தாசியோன், முசியு."

இல்லை, நான் அப்பா இல்லை என்று சொல்ல வேண்டிய பிரெஞ்சு மாஸ்டருக்குத் தெரியும். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கி, பூக்களை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நீட்டினார். "மெர்சி" என்றார். அந்த மனிதர் கையை விடாமல் குலுக்கினார். குலுக்கக் குலுக்கக் கண்ணாடித்தாள் சரசரத்தது. கீழே இந்திராதேவி கமராவைத் தூக்கிப் பிடித்தபடி, நேரே நில், இஞ்சால பார் என்று மகளுக்கு இன்னும் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.